ஊர் அளவு

ஒரு வங்கி எவ்வளவு பெரிதாக வளரலாம் என்று கணக்குப் போட்டவர்கள் ஏராளம். எவ்வளவு சிறிதாகவே இருந்தாக வேண்டும் என்று விதி எழுதிவைத்தவர்கள் அபூர்வம். ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன் அதைச் செய்தார். அவருடைய கடன் சங்கத்தின் எல்லை ஒரு குருசேகரம், அதாவது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதி; அதற்கு மேல் விரியக் கூடாது. சங்கத்தில் இருக்கிற எல்லோரும் ஒருவரையொருவர் நேரில் அறிந்தவர்களாக இருக்க வேண்டும். விடியுமுன் ஏர் பூட்டுகிறவர் யார், மதியத்திலேயே சாராயக் கடையில் உட்கார்ந்திருப்பவர் யார், யார் வீட்டுப் பசு இந்த மாதம் கன்று போடும் என்பதெல்லாம் விசாரிக்காமலே தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவுதான் அவருடைய சங்கத்துக்கு முதல் ஈடு. நிலப் பத்திரமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ரைஃபைசன் கல்லூரி வாசலை மிதித்தவரல்லர். இந்த விதியின் முதல் பாடத்தை அவர் கற்ற இடம் வையர்புஷ் என்ற ஊர். ஜெர்மனியில், ரைன் ஆற்றுக்குக் கிழக்கே, அதன் உபநதிகளான ஸீக், லான் இரண்டுக்கும் நடுவே பரந்து கிடக்கும் வெஸ்டர்வால்ட் மேட்டுநிலத்தில் இருக்கிறது. இன்றைக்கும் இரண்டாயிரம் பேர் தேறமாட்டார்கள். கொலோனிலிருந்து ஃப்ராங்ஃபர்ட்டுக்குப் போகும் பழைய நெடுஞ்சாலை ஊரை ஊடறுத்துச் செல்கிறது. கோட்டை கிடையாது, பேராலயம் கிடையாது. ரைன் கரைக்குத் திராட்சைத் தோட்டம் பார்க்க வருகிற கூட்டத்துக்கு இந்த மேட்டில் ஏறிவர எந்த அவசியமும் இல்லை. உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் இன்று இயங்கும் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் குலவரலாற்றை எழுதப் புகுந்தால் மட்டும் இந்த ஊரைத் தவிர்க்க முடியாது.

வெஸ்டர்வால்ட் நெடுங்காலம் ஏழை நாடு. எரிமலைக் கருங்கல்லின் மேல் படிந்த மண், நீண்ட குளிர்காலம், அடங்காத காற்று, நிறைய மழை. தகப்பன் சொத்தைப் பிள்ளைகள் பாகம் பிரித்துப் பிரித்து நிலம் துண்டு துண்டாகிவிட்டது. ரையும் ஓட்ஸும் விதைத்தார்கள். வயிற்றை நிரப்பியது உருளைக்கிழங்கு. இப்போதும் நவம்பர் 11-ல், புனித மார்ட்டின் திருநாளில், பணக்காரர் வாத்து அறுக்க, ஏழைகள் டெப்பகூகன் செய்து சாப்பிட்ட கதையை அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். துருவிய உருளைக்கிழங்கில் வெங்காயமும் உப்பிட்ட பன்றிக் கொழுப்பும் கலந்து, கனத்த வார்ப்பிரும்புச் சட்டியில் இட்டு, மேற்பரப்பு பழுப்பேறி மொறுமொறுப்பாகும்வரை வேகவைப்பது. இல்லாதவர்களின் பண்டம் இன்று உணவகங்களின் சிறப்புப் பட்டியலில் இருக்கிறது.

*

1815-ல் வியன்னா மாநாடு முடிந்தபோது இந்தப் பகுதி பிரஷ்யாவின் கைக்குப் போயிற்று. சிற்றூர்கள் பலவற்றைச் சேர்த்து ஒரே மேயரின் கீழ் வைப்பது அங்கே வழக்கம். மேயரை ஊர் தேர்ந்தெடுப்பதில்லை, அரசாங்கம் நியமிக்கும். அப்படி 1845-ல் வையர்புஷ்ஷையும் சுற்றியிருந்த இருபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்களையும் நிர்வகிக்க வந்தபோது ரைஃபைசனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பக்கத்திலேயே ஸீக் கரையிலுள்ள ஹம் என்ற ஊரில் 1818-ல் பிறந்தவர். ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது. பதினேழு வயதில் பீரங்கிப் படையில் சேர்ந்தார். கண்நோய் வந்து பட்டாளத்தை விட நேர்ந்தது. அந்த நோய் கடைசிவரை விடவில்லை. பின்னாளில் மகள் அமாலி படித்துக்காட்டி, சொல்லச் சொல்ல எழுதித்தான் அவர் வேலைகள் நடந்தன.

அவர் வந்த ஆண்டிலேயே ஐரோப்பாவில் உருளைக்கிழங்கு அழுகல் நோய் பரவியது. அயர்லாந்தில் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நோய். மறு ஆண்டு தானியமும் பொய்த்தது. 1846-லிருந்து 1847-க்குள் நுழைந்த குளிர்காலம் ஜெர்மானிய வரலாற்றில் பசிக் குளிர்காலம் என்றே பெயர் பெற்றது. அரசாங்கத்திடம் எழுதிக் கேட்டதில் மாவு வந்தது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. ரொக்கம் கொடுப்பவர்களுக்கு மட்டுமே மாவு. ரொக்கம் உள்ளவர்களுக்குப் பசி இல்லை என்பதைக் கோப்பு எழுதியவர் யோசிக்கவில்லை. இளம் மேயர் உத்தரவை ஓரமாக வைத்துவிட்டு, இல்லாதவர்களுக்குக் கடனாகவே மாவைக் கொடுத்தார்.

அது போதவில்லை. ஊரில் வசதி படைத்தவர்களைக் கூப்பிட்டு ஒரு நிதி திரட்டினார். ரொட்டிச் சங்கம் என்று பெயர். அந்தப் பணத்தில் வெளியே தானியம் வாங்கி, பொது அடுப்பு ஒன்று கட்டி, ரொட்டி சுட்டு, வெளிவிலையைவிட வெகு குறைவான விலையில் தவணைக்குக் கொடுத்தார்கள். விதைக் கிழங்கும் அப்படியே போயிற்று. கதையை இங்கே நிறுத்தினால் இது ஒரு நல்ல அதிகாரியின் தருமம், அவ்வளவே. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கடனுக்குக் கொடுத்தவை திரும்பி வந்தன. பஞ்சத்தில் அடிபட்ட குடியானவன் ரொட்டிக் கடனை அடைப்பான் என்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் அந்த மேயருக்குச் சொல்லியிருக்க முடியாது. யாருக்கு எவ்வளவு என்று முடிவுசெய்தவர்கள் வாங்கியவர்களின் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

அந்தப் பொது அடுப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வையர்புஷ்ஷில் ரைஃபைசன் பெயரிலுள்ள மையத்தில் அடுப்பு வீடு ஒன்றைப் பேணி வைத்திருக்கிறார்கள். வெஸ்டர்வால்டிலும் பக்கத்து ஸீகர்லாண்டிலும் இது அநேகமாக எல்லா ஊருக்கும் உரிய சொத்து. ஊர்ப்பேச்சில் அதற்கு ‘பாக்கஸ்’ என்று பெயர். வளைந்த கூரைக்கு அடியில் ஆழமான கல்குகை. சுள்ளிக் கட்டுகளை உள்ளேயே போட்டு எரிப்பார்கள். கல் சூடேறியதும் தணலையும் சாம்பலையும் வாரி வெளியே தள்ளி, நீண்ட கழியில் கட்டிய ஈரத் துணியால் தரையைத் துடைப்பார்கள். பிறகு மரத் துடுப்பில் ரொட்டி மாவை ஏற்றி ஒவ்வொன்றாக உள்ளே வைப்பார்கள். நெருப்பு இல்லாத சூட்டில், கல் வாங்கிவைத்திருக்கும் வெக்கையிலேயே ரொட்டி வேகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முதலில் சுடுகிற வீட்டுக்குக் குளிர்ந்து கிடக்கும் கல்லைச் சூடாக்க நிறைய விறகு வேண்டும். அடுத்தடுத்து வருகிறவர்களுக்கு அடுப்பு ஏற்கெனவே சூடாக இருப்பதால் செலவு குறைவு. யார் முதலில் சுடுவது? இந்தப் பகுதி ஊர்களில் சீட்டுக் குலுக்கியோ முறைவைத்தோ அதைத் தீர்த்துக்கொண்டார்கள். இந்த வாரம் நஷ்டம் உனக்கு, இன்னொரு வாரம் எனக்கு. பொதுச் சொத்தை எப்படிப் பங்கிடுவது என்பதைப் பற்றிப் பெரிய பெரிய தத்துவங்கள் உண்டு. அந்த அடுப்புக்குத் தேவைப்பட்டது, எல்லோரும் எல்லோரையும் திரும்பச் சந்தித்தே ஆக வேண்டும் என்ற நிலைமை. இந்த வாரம் ஏமாற்றுகிறவன் அடுத்த வாரமும் அதே வாசலில் மாவோடு வந்து நின்றாக வேண்டும்.

*

1848-ல் ரைஃபைசனைப் பக்கத்து ஃப்ளாமர்ஸ்ஃபெல்டுக்கு மாற்றினார்கள். அவர் குடியிருந்து அலுவலும் பார்த்த மரச்சட்ட வீடு இப்போது அருங்காட்சியகம். அங்கே பசிக்கு அடுத்த பிரச்சினையை எதிர்கொண்டார்: மாடு. வெஸ்டர்வால்ட் குடியானவனுக்கு உழவு, பால், எரு மூன்றும் ஒரே பசு. சொந்தமாக வாங்க வழியில்லாதவன் வியாபாரியிடம் தவணைக்கோ வாரத்துக்கோ வாங்கினான். தீனி போட்டு வளர்ப்பது இவன். கன்றும் லாபமும் அவனுக்கு. தவணை தவறினால் மாடு போகும். மாடு போனால் நிலம் உழாமல் கிடக்கும். அடுத்துப் போவது நிலம். 1849-ல் ஊரின் வசதியான அறுபது பேர் சேர்ந்து, தங்கள் சொத்து முழுவதையும் பொறுப்பாக வைத்துக் கடன் வாங்கி, மாடு வாங்கி, ஏழைக் குடியானவர்களுக்கு ஐந்து ஆண்டுத் தவணையில் கொடுத்தார்கள். பிறகு மாட்டுக்குப் பதில் பணமாகவே கொடுக்கத் தொடங்கினார்கள்.

1852-ல் ரைன் கரையில், நொய்வீட் நகரத்தை ஒட்டிய ஹெட்டஸ்டோர்ஃபுக்கு மாற்றம். இங்கே 1854-ல் தொடங்கிய சங்கத்துக்கு ஆசை பெரிது. அநாதைக் குழந்தைகளைப் பராமரிப்பது, சிறை மீண்டவர்களுக்கு வேலை தேடித் தருவது, நூலகம் வைப்பது, மாடு வாங்கித் தருவது, கடன் கொடுப்பது என்று எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டது. பத்து வருஷத்தில் கடன் ஒன்றைத் தவிர மற்றவை உதிர்ந்துவிட்டன. பிறருக்காகத் தன் நிலத்தைப் பொறுப்பில் வைத்த பணக்காரர்களுக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. 1864-ல் ரைஃபைசன் விருப்பமில்லாமலே ஒரு முடிவுக்கு வந்தார். கொடுப்பவர் ஒரு கூட்டம், வாங்குபவர் இன்னொரு கூட்டம் என்றிருந்தால் சங்கம் நிலைக்காது. கடன் வாங்குகிறவனே உறுப்பினனாக வேண்டும். அவனும் பொறுப்பேற்க வேண்டும். ஆழ்ந்த கிறிஸ்தவரான அவருக்குத் தருமத்தைக் கைவிடுவது எளிதாக இருந்திருக்காது. நடைமுறை அவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போயிற்று.

1866-ல் எழுதிய புத்தகத்திலும் அதன் பின்வந்த பதிப்புகளிலும் விதிகள் உருப்பெற்றன. ஒரு குருசேகரத்துக்கு ஒரு சங்கம். எல்லா உறுப்பினர்களுக்கும் வரையறையற்ற பொறுப்பு. சங்கம் மூழ்கினால் ஒவ்வொருவர் நிலமும் மாடும் அதற்குள். நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. கணக்கெழுதுபவருக்கு மட்டும் ஏதாவது கொடுக்கலாம். லாபத்தைப் பங்கிடாமல், யாரும் பிரித்தெடுக்க முடியாத பொது நிதியில் சேர்க்க வேண்டும். கடன் எதற்கு என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். சொன்ன காரியத்துக்குச் செலவழிக்காவிட்டால் நாலு வார அவகாசத்தில் திரும்பக் கேட்கச் சங்கத்துக்கு உரிமை உண்டு. பல ஊர்களில் கணக்கெழுதியவர் பள்ளிக்கூட வாத்தியார். சங்கத்துக்கென்று கட்டடம் கிடையாது. அவர் வீட்டுக் கூடம்தான் வங்கி.

இந்த விதிகளில் உயிர்நாடி எது? சிக்கனமா, நேர்மையா, பக்தியா என்று வெகுகாலம் விவாதித்திருக்கிறார்கள். எனக்குப் படுவது இது: கடன் கேட்பவனைப் பற்றி அறிந்தவனும், கடன் மூழ்கினால் இழப்பவனும் ஒரே ஆள். பக்கத்து வீட்டுக்காரன் குழுவில் உட்கார்ந்து ‘கொடுக்கலாம்’ என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு அவனுடைய வயல் பிணை. ‘வேண்டாம்’ என்று சொன்னால் மறுநாள் கிணற்றடியிலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் மறுக்கப்பட்டவனின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். இரண்டு பக்கமும் அவனுக்குச் செலவு இருந்தது. ஊர் வம்பு எந்த ஊரிலும் உண்டு. அதற்கு ஒரு விலை வைத்து, வம்புக்காரனையே ஜாமீனாக்கியது ரைஃபைசனின் சாமர்த்தியம்.

*

சிறிய ஊரைப் புகழ்ந்து எழுதுவது சுலபம். அறிதல் என்பதற்குள்ளேயே விலக்குதலும் இருக்கிறது. குடிகாரன் என்று ஊர் ஒருமுறை முடிவுகட்டியவனுக்கு, அவன் குடியை விட்டு வருஷங்கள் ஆனாலும், கடன் கிடைத்திருக்காது. நேற்று வந்து குடியேறியவனை யாருக்குத் தெரியும்? பொறுப்பேற்கச் சொத்தே இல்லாத கூலியாள் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றான். ரொட்டிச் சங்கம் காலிக் கையோடு வந்தவனுக்கும் கொடுத்தது. கடன் சங்கம் ஏதோ ஒன்று கையில் இருந்தவனுக்குத்தான் கொடுத்தது. 1864-ல் தருமத்திலிருந்து சுயஉதவிக்குத் திரும்பியதை முன்னேற்றம் என்றே பொதுவாக எழுதுகிறார்கள். அந்தத் திருப்பத்தில் வண்டியிலிருந்து விழுந்தவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. மாட்டு வியாபாரத்திலும் கிராமப்புறக் கடன் தொழிலிலும் யூதர்கள் பலர் இருந்தார்கள். நிலமும் கைத்தொழில் சங்கங்களும் பல தலைமுறைகளாக அவர்களுக்கு அடைக்கப்பட்டிருந்ததால் எஞ்சிய தொழில்கள் அவை. வட்டிக் கொடுமைக்கு எதிரான பேச்சு, யூதருக்கு எதிரான பேச்சாக மிக எளிதில் மாறியது. ரைஃபைசனின் பிற்கால எழுத்துகளிலும் அந்த விஷம் இருக்கிறது. ஜெர்மானிய ஆய்வாளர்கள் இன்று அதை மறைக்காமல் விவாதிக்கிறார்கள். ஊர் என்றால் யார் என்ற கேள்விக்கு ஒரே குருசேகரத்தைச் சேர்ந்தவர்கள் என்று பதில் சொல்லிவிட்டால், அதே தெருவில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் யூதர் ஊரில் சேர்த்தியில்லை என்றாகிறது. 1938 நவம்பரில் பக்கத்து அல்டன்கிர்ஷனின் யூத ஜெபக்கூடம் அழிக்கப்பட்டது. அதற்கும் ரைஃபைசனுக்கும் நேர்க்கோடு போடுவது நியாயமில்லை. அவர் இறந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ஆனால் எல்லோரையும் எல்லோரும் அறிந்த ஊர்களில்தான் அது நடந்தது. யார் வீடு எது என்று அங்கே யாரும் விலாசம் கேட்டிருக்க மாட்டார்கள்.

இந்த ஏற்பாடு கடல் தாண்டிச் சென்னை ராஜதானிக்கு வந்தபோதும் அதே கேள்வி கூடவே வந்தது. 1892-ல் விவசாய வங்கிகளைப் பற்றி ஆராயச் சென்னை அரசாங்கம் ஃப்ரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியைப் பணித்தது. 1895-ல் தொடங்கி இரு பாகங்களாக வெளிவந்த அவருடைய அறிக்கையின் சாரம், இங்கேயும் ஒரு ரைஃபைசனைத் தேடிக் கண்டுபிடியுங்கள் என்பதுதான். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. ஒரே ஊரில் வசிக்கும் பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம். கிராமச் சங்கத்துக்குப் பொதுவிதியாக வரையறையற்ற பொறுப்பு. இன்று திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில் அதே ஆண்டு பதிவான சங்கம் இந்தியக் கூட்டுறவு வரலாற்றின் முதல் பக்கத்தில் இருக்கிறது. வெஸ்டர்வால்டின் விதி செங்கல்பட்டு ஜில்லாவில் முளைத்தது ஒரு வியப்பு. ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடந்த இடத்தில் ‘ஒரே ஊர்’ என்ற சொற்றொடர் யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் விடை தேடிப் பயனில்லை.

*

இன்றைய வையர்புஷ்ஷுக்கு வருவோம். ரைன்லாந்து-பலட்டினேட் மாநிலத்தில் ஊராட்சிகள் மட்டும் ஏறத்தாழ இரண்டாயிரத்து முந்நூறு. ஜெர்மனியின் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை கிடையாது. ஐஃபல் மலைப்பகுதியிலுள்ள டீர்ஃபெல்டில் பத்துப் பேர் சொச்சம்தான். அதுவும் தனி ஊராட்சி. மற்ற பல மாநிலங்களில் 1970-களில் சிற்றூர்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிய நகராட்சிகளாக்கிவிட்டார்கள். இங்கே வேறு வழி பிடித்தார்கள். ஊராட்சிகளை அப்படியே விட்டுவிட்டு, மேலே ஊராட்சி ஒன்றியங்களை அமைத்தார்கள். வையர்புஷ் இப்போது அல்டன்கிர்ஷன்-ஃப்ளாமர்ஸ்ஃபெல்ட் ஒன்றியத்தில் இருக்கிறது. இரண்டு ஒன்றியங்கள் 2020 ஜனவரி 1-ல் இணைந்து உருவானது. அறுபதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் அதில் உண்டு.

யாருக்கு என்ன வேலை என்பதைப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. ஆரம்பப் பள்ளி, தீயணைப்பு, குடிநீர், கழிவுநீர் எல்லாம் ஒன்றியத்தின் பொறுப்பு. அங்கே சம்பளம் வாங்கும் அலுவலர்களும் முழுநேர மேயரும் உண்டு. இடுகாடு, விளையாட்டுத் திடல், சமுதாயக்கூடம், உள்ளூர்த் தெரு, ஊர்க்காடு இவை ஊராட்சிக்கு. அதன் தலைவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்குச் சம்பளம் கிடையாது. ஒரு சிறிய படி மட்டும். வையர்புஷ் அளவுள்ள ஊரின் மன்றத்தில் பதினாறு உறுப்பினர்கள். பகலெல்லாம் வேறெங்கோ வேலை பார்த்துவிட்டு, மாலையில் கூடி, இடுகாட்டுச் சுவரையும் பழுதான கூரையையும் பற்றிப் பேசுகிறார்கள். தீயணைப்பை ஒன்றியம் நிர்வகித்தாலும், அபாயச் சங்கு ஊதினால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுகிறவர்கள் ஊர்க்காரர்கள்தான், ஊதியமில்லாத் தொண்டர்கள்.

தெருவைப் பற்றி ஒரு விஷயம். முன்பெல்லாம் இந்த மாநிலத்தின் பல ஊர்களில் ஒரு தெருவைப் புதுப்பித்தால் அந்தத் தெருவில் வீடு வைத்திருப்பவர்கள்தான் செலவின் பெரும்பகுதியைக் கட்ட வேண்டும். தனியாக வசிக்கும் ஒரு மூதாட்டிக்குத் திடீரென்று ஆயிரக்கணக்கான யூரோவுக்குச் சீட்டு வரும். 2020-ல் மாநிலச் சட்டம் இதை மாற்றியது. இப்போது ஊரில் மனை வைத்திருக்கும் எல்லோரும் சேர்ந்து, புதுப்பிப்பு நடக்கும் காலத்தில் ஆண்டுதோறும் சிறுசிறு தொகையாகக் கட்டுகிறார்கள். உன் தெருவுக்கு நான் கட்டுகிறேன், என் தெரு பழுதாகும்போது நீ கட்டுவாய். வெஸ்டர்வால்டின் அடுப்பு வீட்டில் முதல் விறகுக்குச் செய்துகொண்ட ஏற்பாடு தார்ச்சாலைக்கும் பொருந்துகிறது.

கீழே ஊராட்சி, மேலே ஒன்றியம் என்பது போன்ற இரண்டடுக்கு ரைஃபைசனுக்கும் தெரிந்திருந்தது. கீழே சங்கம் சிறியதாகத்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர், மேலே பெரியது ஒன்று தேவை என்பதையும் கண்டுகொண்டார். ஓர் ஊரில் ஆலங்கட்டி மழை அடித்தால் அந்த ஊர்ச் சங்கம் மட்டும் தாங்காது. ஓர் ஊரின் மிகுபணம் இன்னோர் ஊரின் தட்டுப்பாட்டுக்குப் போக வழி வேண்டும். 1872-ல் நொய்வீட்டில் சங்கங்களுக்கான மத்திய வங்கி ஒன்றை நிறுவினார். நகர்ப்புறக் கூட்டுறவுகளின் தலைவரான ஷுல்ட்ஸ-டெலிட்ஷ் இதைக் கடுமையாக எதிர்த்து நாடாளுமன்றம்வரை கொண்டுபோனார்; 1876-ல் வேறு சட்ட வடிவத்தில் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. கீழே அறிதலுக்கு ஊர், மேலே பலத்துக்குக் கூட்டமைப்பு என்ற வடிவம் அதில் நிலைபெற்றது.

பிறகு நடந்தது ஒரு விசித்திரம். அந்த வடிவத்தை வங்கிகள் கைவிட்டன, ஊராட்சிகள் காப்பாற்றிவைத்தன. 1970-ல் மேற்கு ஜெர்மனியில் ஏழாயிரம் கூட்டுறவு வங்கிகள் இருந்தன. இன்று ஒருங்கிணைந்த ஜெர்மனி முழுவதிலும் எழுநூறுக்கும் குறைவு. ஒன்றோடொன்று இணைந்து இணைந்து மாவட்ட அளவுக்கும் அதற்கு மேலும் போய்விட்டன. வேறு வழி இல்லை என்கிறார்கள், அது உண்மையும்கூட. இன்றைய வங்கிச் சட்டங்களுக்கும் கணினிச் செலவுக்கும் வாத்தியார் வீட்டுக் கூடம் ஈடுகொடுக்காது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இன்னும் உறுப்பினர்கள். யுனெஸ்கோ 2016-ல் கூட்டுறவு என்ற கருத்தையும் நடைமுறையையும், ஜெர்மனி முன்மொழிந்தபடி, மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் ஏறும் நேரத்தில் ஒரு குருசேகரத்துக்கு ஒரு சங்கம் என்ற முதல் விதி வழக்கொழிந்திருந்தது.

யார் கடனை அடைப்பார் என்ற அறிவு அதனால் மறைந்துபோகவில்லை. இடம் மாறியது. 1927-ல் பெர்லினில் தொடங்கிய ஷூஃபா என்ற நிறுவனத்திடம் இன்று ஜெர்மனியில் ஆறு கோடிக்கும் மேற்பட்டவர்களின் கடன் விவரம் இருக்கிறது. கைபேசி இணைப்புக்கும் வாடகை வீட்டுக்கும் அதன் மதிப்பெண்ணைக் கேட்கிறார்கள். அந்த மதிப்பெண்ணுக்குக் குடிகாரன் என்ற பழைய கதை தெரியாது, யார் எந்தச் சபை என்று தெரியாது. ஊர்க்குழுவின் பல பாரபட்சங்கள் அதற்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது தவறினால் இழப்பது வேறு யாரோ. கடன் மூழ்கினால் ஷூஃபாவின் மாடு போகாது. மறுக்கப்பட்டவன் முகத்தை எந்தக் கிணற்றடியிலும் அது பார்க்க வேண்டியதில்லை. இத்தகைய மதிப்பெண்ணே முடிவைத் தீர்மானிக்குமானால் அது தானியங்கி முடிவாகவே கருதப்படும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொல்ல வேண்டியிருந்தது. அறிகிறவன் ஒருவன், பொறுப்பேற்கிறவன் இன்னொருவன் என்று ஆனபிறகு, நடுவில் நீதிமன்றம்தான் உட்கார வேண்டும்.

ஆகவே சிறியது அழகு என்ற முடிவுக்கு நான் வரவில்லை. ஊர் கொடியது என்பதற்கு அதன் வரலாற்றிலேயே போதிய சாட்சிகள் இருக்கின்றன. அறிதலும் பொறுப்பும் ஒரே கையில் இருக்கும் அளவு எது என்பதே ரைஃபைசனின் கேள்வி. வங்கிக்கு அந்த அளவு இப்போது கட்டுப்படியாகாமல் போயிருக்கலாம். தெருவுக்கும் இடுகாட்டுக்கும் தீயணைப்புக்கும் இன்னும் கட்டுப்படியாகிறது. சாலைக் கட்டணத்தை உயர்த்த வையர்புஷ் மன்றத்தில் கை தூக்குகிற உறுப்பினருக்கு ஊரில் மனை இருந்தால், உயர்ந்த கட்டணத்தின் சீட்டு அவர் வீட்டுக்கும் வரும்.